இந்த வருடம் பரிசோதனை வேண்டாம்

மார்ச் பிறந்ததும் கேரவனைக் கழுவி மெழுகு போடுவது என் வழக்கம். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற சின்ன வீடுதான். அதைப் பளபளவென்று பார்த்தால் எனக்கு மனசு லேசாகிவிடும். கழுவியதும் ரானர்ஸ் ஊரில் காய் என்கிற மெக்கானிக்கின் பட்டறைக்குக் கொண்டுபோவேன். பிரேக், எரிவாயு, ஈரக்கசிவு எல்லாம் பார்த்துக் கையெழுத்துப் போட்டுத் தருவான். பதினேழு வருடம் இதில் யோசிக்க ஒன்றும் இருந்ததில்லை. இந்த முறைதான் இரண்டு வாரம் யோசித்தேன்.

ஈஸ்டர் விடுமுறைக்கு வண்டியை எடுத்துப் போவது என் தம்பி ப்ரேபனும் அவன் மனைவி லோனும். ப்ரேபனை எல்லோருக்கும் பிடிக்கும். போன கோடையில் வண்டி வாசலில் நாங்கள் நால்வரும் ஹெர்ரிங் மீனும் ரொட்டியுமாக உட்கார்ந்திருந்தோம். அவன் சொன்ன எதற்கோ என் மனைவி பிர்த்தா கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"ஏங்க, உங்க தம்பிகிட்ட கொஞ்சம் கத்துக்கக் கூடாதா?" என்றாள்.

தமாஷாகத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

மார்ச் கடைசியில் காயே போன் செய்தான்.

"என்னப்பா எகோன், ஆளையே காணோம்? ஹீட்டரோட புகைக்குழாய் இந்த வருஷம் தாங்காதுன்னு போன வருஷமே சொன்னேனே."

"ஞாபகம் இருக்கு காய். இந்த வருஷம் வேண்டாம்னு பாக்கறேன்."

"வண்டிய வெளிய எடுக்கலதானே?"

"எடுக்கல."

வியாழக்கிழமை ப்ரேபன் வந்து வண்டியை மாட்டினான்.

"அண்ணே, செக்கிங் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"நீ பாத்துட்டா சரி. குளிருமோ? லோனுக்குத்தான் கால் ஐஸ்கட்டி மாதிரி ஆயிடும்."

"ஹீட்டரைப் போட்டுக்கோங்க. ஜன்னலை நல்லா மூடிக்கோங்க, கடல் காத்து."

விஷவாயு கசிந்தால் கத்துகிற கருவி ஒன்று கட்டிலுக்கு மேலே உண்டு. அதன் பேட்டரியை முந்தின நாளே கழற்றியிருந்தேன். வீட்டு டிவி ரிமோட்டுக்குத் தேவைப்பட்டது.

சனிக்கிழமை காலை கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு கேரவன்களை நிறுத்தும் கடற்கரை முகாமின் பொறுப்பாளர்தான் போலீஸ்காரர்களான உங்களுக்குத் தகவல் சொன்னார். தூங்கினாற்போல் இருந்தார்கள் என்றாராம். லோனை நினைத்தால் சங்கடமாக இருக்கிறது. வண்டியைத் திருப்பித் தரும்போது அடுப்பைத் துடைத்துத் தருகிறவள்.

மறந்துவிட்டீர்களா என்று நீங்கள் மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறீர்கள், தெரிகிறது. ஆனால் நான் எதையும் மறக்கிற ஆள் இல்லை. புகை உள்ளே திரும்பும் என்று தெரியும். தெரிந்துதான் அனுப்பினேன்.

பிர்த்தா மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. கொஞ்சம் வெளியே போய்வந்தால் தெளிந்துவிடுவாள். வண்டியை எப்போது திருப்பித் தருவீர்கள் என்று சொன்னால் காயிடம் நாள் குறித்துவிடுவேன். இந்த முறை ஒன்று விடாமல் பார்க்கச் சொல்ல வேண்டும். என் மனைவி படுக்கிற இடம். அதில் போய் அஜாக்கிரதையாக இருக்க முடியுமா?