தண்ணி, பாண், நாளைக்கு

— அந்தக் கறிச்சட்டியை மடியிலை வைச்சிராதை மலர். பிறேக் அடிச்சனெண்டால் எண்ணெய் முழுக்க உன்ரை கோட்டிலைதான்.

— இறுக்கிப் பிடிச்சிருக்கிறன் அண்ணை. நீங்கள் றோட்டைப் பாத்து ஓடுங்கோ. ஐயர் என்ன சொன்னவர் எண்டதிலை விட்டியள்.

— வாற அமாவாசை நல்லதாம். தர்ப்பையிலை ஆளைப்போல ஒரு உருவம் முடிஞ்சு, பேர் நட்சத்திரம் சொல்லி, அதுக்குச் செய்ய வேண்டிய கிரியையைச் செய்தால் சரியாம். காணாமல் போன ஆக்களுக்கு அப்பிடித்தான் செய்யிறதாம். நான் முன்னுக்கு நிண்டு செய்யிறன். நீ ஒண்டும் செய்யத் தேவையில்லை. வந்து அண்ணிக்குப் பக்கத்திலை இருந்தால் காணும்.

— ஆருக்குச் செய்யப் போறியள்?

— விசர்க் கேள்வி கேக்காதை. ரதீசனுக்குத்தான். தொண்ணூற்றெட்டிலை, கனடாவுக்குக் களவா ஆள் கொண்டுவாற ஏஜென்சிக்காரனோடை வெளிக்கிட்டவன். இப்ப ரண்டாயிரத்தி அஞ்சு. ஏழு வருசம். உயிரோடை இருக்கிறவன் ஏழு வருசமா ஒரு போன் எடுக்காமல் இருப்பானே?

— அவருக்கு நான் மனுசி. செய்யிறதோ விடுறதோ எண்டு என்னை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்.

— இப்ப கேக்கிறன்தானே. அதோடை மனுசி மனுசி எண்டு நீ சும்மா சொல்லிக்கொண்டு திரியாதை. கொழும்பிலை கலியாண எழுத்து மட்டும்தான் எழுதினது. ரண்டு கையெழுத்து, ஒரு ஃபோட்டோ, ஆளுக்கொரு சோடா. தாலியை இஞ்சை வந்து கட்டுவம் எண்டு நினைச்சம். உனக்கு விசா வந்தது, நீ முதல் வந்தாய். அவன் பின்னாலை வெளிக்கிட்டு வழியிலை காணாமல் போனான். தாலி ஏறாத கழுத்தோடை முப்பத்திநாலு வயசு மட்டும் இருந்தது காணாதே?

— கழுத்திலை ஏறாட்டி மனசிலை ஏறாதோ அண்ணை?

— அதைத்தான் நானும் சொல்லுறன். மனசிலை இருந்து இறக்கத்தான் கிரியை. உனக்குப் பாத்திருக்கிற உருத்திரமூர்த்தி நல்ல மனுசன். மனுசி செத்து நாலு வருசம், பிள்ளையள் இல்லை, தொறொண்டோவிலை சொந்த வீடு. எல்லாம் விளப்பமாச் சொல்லித்தான் கதைச்சனான். கிரியை முடிஞ்சால் அவைக்கு ஒரு தடையும் இல்லையாம். அடுத்த சனிக்கிழமை உன்னைப் பாக்க வரட்டோ எண்டு கேக்கினம்.

— சனிக்கிழமை எனக்குச் செயின்ட்-மிஷேலிலை வேலை.

— வேலையோ? சம்பளம் இல்லாத வேலைக்குப் பேர் வேலையே? எயார்போட்டிலை இரவு முழுக்கச் சூட்கேஸ் தூக்கிப்போட்டு, நித்திரை கொள்ளாமல் உன்னை அங்கை கொண்டுபோய் இறக்கிறன் பார், அதுதான் வேலை. நீ ஒரு வேதக்கோயிலின்ரை நிலக்கீழ் அறையிலை லத்தீன்காரருக்கு வெங்காயம் வெட்டுறாய். அவையின்ரை பிள்ளையளுக்கு மூக்குத் துடைக்கிறாய். பிறகு அந்தக் கண்டறியாத ஸ்பானிஷ். பிரெஞ்சு படியுங்கோ எண்டு அரசாங்கம் காசு தந்து கெஞ்சுது. எங்கடை சனம் அதுக்கே போக மாட்டன் எண்டுது. நீ என்னெண்டால் ஒருத்தரும் கேக்காத பாசையைப் படிக்கிறாய். போன கிழமை உன்ரை அண்ணி கௌரி சொல்லுறாள், மலர் குசினியிலை தனிய நிண்டு அந்தப் பாசையிலை முணுமுணுக்கிறாள் எண்டு. அவளுக்குப் பயம் பிடிச்சிட்டுது.

— நான் பிரெஞ்சு படிச்சு முடிச்சனான் அண்ணை. அதாலைதான் என்னை அங்கை எடுத்தவை. தாய்மார் கிளினிக்குக்குப் போகேக்கை கூடப்போய், டொக்டர் பிரெஞ்சிலை சொல்லுறதைக் கையாலையும் காலாலையும் ஸ்பானிஷிலை சொல்லுவன். அவை சிரிச்சுச் சிரிச்சுத் திருத்துவினம். அப்பிடித்தான் படிச்சது.

— எப்பிடிப் படிச்சனீ எண்டு ஆர் கேட்டது? ஏன் எண்டுதான் கேக்கிறன்.

— அவர் கடைசியா எடுத்த போனுக்காக. நீங்கள் அண்டைக்கு வேலை. நான்தான் எடுத்தனான். ஏதோ ஒரு நாட்டிலை நிக்கிறன், எந்த நாடெண்டு ஏஜென்சிக்காரன் சொல்லுறான் இல்லை, ஆனால் இஞ்சை ஸ்பானிஷ்தான் கதைக்கினம் எண்டார். தான் மூண்டு சொல்லுப் படிச்சிட்டாராம். தண்ணி, பாண், நாளைக்கு. இந்த மூண்டும் தெரிஞ்சால் உலகத்திலை எங்கையும் சீவிக்கலாம் எண்டு சொல்லிச் சிரிச்சவர். லைன் அறுந்துபோச்சு. அதோடை சரி.

— அதை எனக்கும் சொன்னனீ. ஞாபகம் இருக்கு.

— எனக்கு மறக்கேலாமல் போச்சு. நான் டவுன்டவுனிலை ஒஃபீஸ் கூட்டித் துடைக்கேக்கை அந்த மூண்டு சொல்லையும் சொல்லிப் பாப்பன். கூட வேலை செய்த கொலம்பியாக்காரி ஒருத்திக்குக் கேட்டிட்டுது. எங்கை படிச்சாய் எண்டாள். என்ரை புருசன் படிப்பிச்சது எண்டன். அவள்தான் என்னை அங்கை கூட்டிக்கொண்டு போனவள். உண்மையைச் சொல்லட்டோ? தொண்டு செய்யவேணும் எண்டு நான் போகேல்லை. பாசை தெரிஞ்சால் அந்தப் பக்கத்து ஆசுப்பத்திரி, சிறைச்சாலை, கோயில் எல்லாத்துக்கும் போன் எடுத்து விசாரிக்கலாம் எண்டு போனனான். டெப்பனர்க் கடையிலை போன் கார்ட் வாங்கி வாங்கி விசாரிச்சதும் உண்மை. ஆனால் அங்கை போனாப் பிறகு ஒண்டு நடந்தது. அந்த மனுசியள் ஒருத்தரும் என்னைப் பாத்து ஐயோ பாவம் எண்டேல்லை. முதல் நாளே கத்தியைத் தந்து வெங்காயத்தைக் காட்டிச்சினம். எங்கடை கலியாண வீடுகளிலை என்னை எங்கை இருத்துறது, ஆரத்தி எடுக்கக் கூப்பிடுறதோ விடுறதோ எண்டு எங்கடை சனம் முழிக்கும். அங்கை அது இல்லை. அதுதான் விடாமல் போறன்.

— சரி. அது எனக்கு விளங்குது. ஆனால் வெங்காயம் வெட்டினாப்போலை செத்தவன் திரும்பி வரப் போறானே?

— அவர் சாகேல்லை அண்ணை.

— உப்பிடித்தான் ஏழு வருசமாச் சொல்லுறாய்.

— ஏழு வருசமாச் சொன்னது நம்பிக்கையிலை. இது தெரிஞ்சு சொல்லுறன். தர்ப்பை முடிய வேண்டாம். அவர் இருக்கிறார்.

— என்ன சொல்லுறாய்?

— ஹைவேயிலை நிப்பாட்டாதையுங்கோ. பின்னாலை லொறி வருது. ஓடுங்கோ, சொல்லுறன். போன ஈஸ்ரருக்கு எல்லாரும் ஆளுக்கொரு சாப்பாடு செய்துகொண்டு வரச் சொன்னவை. நான் கடலை வடை சுட்டுக்கொண்டு போனன். மிர்ற்றா எண்டு ஒரு மனுசி, எக்வடோர்க்காரி. ஒரு கடி கடிச்சிட்டு அப்பிடியே நிண்டுட்டா. இது எங்கடை பட்டினத்து பஸ் ஸ்ராண்டிலை விக்கிறதெல்லே எண்டா. அது வேறை ஏதும் பலகாரமா இருக்கும் எண்டன். இல்லையாம். இதேதானாம். கையாலை தட்டின விரல் அடையாளம், கடிபடுற செத்தல் மிளகாய், பெருஞ்சீரக வாசம், எல்லாம் சொன்னா. மெல்லிசா, கறுப்பா ஒரு மனுசன் காலமையிலை கூடையிலை கொண்டுவந்து விப்பாராம். எங்கையோ கிழக்கிலை இருந்து வந்த ஆளாம். ஒரு ஊர்ச் சனம் முழுக்க அதைத் திண்டுபோட்டுத்தானாம் பஸ் ஏறுறது.

— வடை ஆரும் சுடலாம். ஒரு வடையை வைச்சு ஆளைப் பிடிக்கேலுமே?

— அவரின்ரை அம்மா கோயில் வாசலிலை வடை சுட்டு வித்துத்தானே அவரை வளத்தவ. அதைச் சொல்லித்தானே நீங்கள் முதல் இந்தக் கலியாணத்துக்கு மாட்டன் எண்டனீங்கள்.

— அந்தப் பழங்கதையை இப்ப ஏன் எடுக்கிறாய். பேந்து ஒத்துக்கொண்டனான்தானே. மிச்சத்தைச் சொல்லு.

— மிர்ற்றாவின்ரை தங்கச்சி அங்கைதான் இருக்கிறா. போய் விசாரிச்சா. பேர் ரதீசன்தான், யாழ்ப்பாணம்தான். ஏஜென்சிக்காரன் கடற்கரையிலை விட்டிட்டு ஓடிட்டானாம். பாஸ்போட் இல்லை, எங்கடை நம்பர் எழுதின பையும் இல்லை. மூண்டு வருசம் மறியலிலை, கம்பிக்குள்ளை. வெளியிலை வந்து ஊருக்கு எழுதிப் பாத்திருக்கிறார். அதுக்குள்ளை அம்மாவும் வன்னியிலை செத்துப்போனா. பதில் எழுத ஆர் இருக்கினம்? இவ்வளவும் தெரிஞ்சாப் பிறகு அவை ஒரு போன் நம்பர் தந்தவை.

— ஐயோ பிள்ளை. உதை ஏனடி எனக்குச் சொல்லேல்லை? நான் இவ்வளவு நாளும் அவனைச் சாக்காட்டிக்கொண்டு திரிஞ்சிட்டன். இண்டைக்கே லோயரிட்டைப் போவம். நீ சிற்றிசன் எடுத்திட்டாய், ஸ்பொன்சர் பண்ணலாம். எழுத்து எழுதின பேப்பர் எல்லாம் என்னட்டைப் பத்திரமாக் கிடக்கு. தாலியும் கிடக்கு. தொறொண்டோக்காரருக்கு நான் ஏதும் சொல்லிச் சமாளிப்பன். என்னடி, ஏன் அழுறாய்?

— மூண்டு கிழமை ஒரு வசனத்தைப் பாடமாக்கினனான் அண்ணை. மிர்ற்றா சொல்லித் தந்தவ. ரதீசனோடை கதைக்க வேணும், நான் அவற்றை மனுசி. இவ்வளவுதான். நீங்கள் குசினியிலை முணுமுணுப்பு எண்டு சொல்லுறது அப்ப தொடங்கினதுதான். போனை ஒரு பொம்பிளை எடுத்தாள். ரதீசன் இருக்கிறாரோ எண்டு கேட்டன். இருக்கிறார், நான் அவற்றை மனுசி எண்டாள். நான் பாடமாக்கின அதே சொல்லு, ஒரு எழுத்துப் பிசகாமல்.

— அவன் அங்கை கலியாணம் செய்திட்டானோ?

— நெலி எண்டு பேர். அவளின்ரை தகப்பன்தானாம் மறியலாலை வந்தவருக்கு வீட்டிலை இடம் குடுத்தது. ஒரு பெட்டைப்பிள்ளை, இப்ப மூண்டு வயசு.

— நம்பரைத் தா. இப்பவே தா. ஒரு பொம்பிளையை ஏழு வருசம் காக்க வைச்சிட்டு அங்கை குடும்பம் நடத்திறாரோ ஐயா? ரண்டு வார்த்தை கேக்காமல் விடமாட்டன்.

— தரமாட்டன்.

— உனக்கு ரோசம் இல்லையே?

— கோவம் வந்தது. அண்டைக்கு மெற்றோவிலை இறங்க வேண்டிய இடம் தெரியாமல் கடைசி ஸ்ரேசன் மட்டும் போனனான். ஆனால் ஆரிலை கோவிக்கிறது? மூண்டு வருசம் ஒருத்தரும் வந்து பாக்காத மனுசனுக்கு ஒருத்தி சாப்பாடு குடுத்திருக்கிறாள். நானெண்டாலும் குடுத்திருப்பன். இப்ப ரண்டு கிழமைக்கு ஒருக்கா நெலிதான் எனக்கு எடுக்கிறவள். பிள்ளைக்குக் காய்ச்சல், கூரை ஒழுகுது, வடைக்கு எண்ணெய் விலை ஏறிப்போச்சு, எல்லாம் சொல்லுவாள். அவர் போனுக்கு வாறேல்லை. முதல் நாள் வந்ததோடை சரி.

— எல்லாம் முடிஞ்ச அலுவல். பேந்தும் ஏனடி அந்தப் பாசையைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய்?

— நெலி கதைக்கேக்கை பின்னாலை அவற்றை குரல் கேக்கும் அண்ணை. பிள்ளையோடை ஏதோ சொல்லி விளையாடுவார். எல்லாம் ஸ்பானிஷ், அதுவும் கெதி கெதியா. முதல் ஒண்டும் விளங்கேல்லை. இப்ப பாதி விளங்குது. சோத்தை முழுங்கு, சப்பாத்தை மாறிப் போட்டிட்டாய், ஓடாதை விழுவாய். ஒரு மனுசன் தன்ரை பிள்ளைக்குச் சொல்லுற சாதாரண கதைதான். என்ரை பிள்ளைக்குச் சொல்லியிருக்க வேண்டிய கதை எண்டு நினைப்பன். மற்றப் பாதியும் விளங்க வேணும் எண்டு ஆசை. அதுக்குத்தான் படிக்கிறன். எனக்கு அவர் வேணும் அண்ணை. இண்டைக்கும் வேணும். கேக்கேலாது, அவ்வளவுதான்.

— அழாதை பிள்ளை. இந்தா, துடை. நான் கண்டபடி கதைச்சிட்டன். இதிலைதானே இடது பக்கம்?

— ஓம். அந்த மஞ்சள் கதவுக்குக் கிட்ட நிப்பாட்டுங்கோ. காரைப் பனிக்குமேலை ஏத்திப்போடாதையுங்கோ.

— ஐயருக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?

— ஆள் உயிரோடை இருக்கிறார் எண்டு சொல்லுங்கோ. அது பொய்யில்லை. தொறொண்டோவுக்குச் சொல்லுறதை நான் யோசிச்சுச் சொல்லுறன். எனக்குக் கொஞ்ச நாள் தாங்கோ.

— எடுத்துக்கொள். நான் இனிமேல் நெருக்கேல்லை. ஆனால் ஒண்டு எனக்கு இன்னும் பிடிபடேல்லை மலர். உன்னை ஆரெண்டு நினைச்சு அந்தப் பொம்பிளை வீட்டுக் கதை எல்லாம் சொல்லுறாள்? நீ ஆரெண்டு அவள் கேக்கேல்லையே?

— கேட்டவள். முதல் நாளே கேட்டவள். அவற்றை தங்கச்சி எண்டு சொல்லிப்போட்டன்.

— அவனுக்கு ஏது தங்கச்சி? தாய்க்கு ஒரே பிள்ளை எல்லே. அவள் போய்ச் சொன்னால் அவன் ஆரெண்டு யோசிச்சிருப்பான்.

— அவள் கூப்பிட்டுச் சொன்னது எனக்குக் கேட்டது. கனடாவிலை இருந்து உன்ரை தங்கச்சி எடுக்கிறாள் எண்டு. பேந்து அடுப்பிலை எண்ணெய் கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டு இருந்தது. பிறகு அதுவும் நிண்டுது. அவர் வந்து போனை வாங்கினார்.

— வாங்கி?

— தமிழிலைதான் கதைச்சவர் அண்ணை. தங்கச்சி, சுகமா இருக்கிறியோ எண்டு கேட்டவர்.