டிக்கெட் கேட்கிற பெரியவர்

கோச்சுக்காதீங்க தம்பி, டிக்கெட்டக் காட்டிடுங்க. தெரியும், படகுக்காரர் ஏற்கெனவே பார்த்துட்டாரு. இவரும் ஒருவாட்டி பார்க்கட்டுமே, என்ன கொறஞ்சு போகுது? ஆங், அவ்வளவுதான். பாருங்க, சல்யூட்லாம் அடிச்சுட்டுப் போறாரு!

அட, இப்ப வேலையில இல்லைங்க. ரிட்டயர் ஆகி ரொம்ப வருஷமாச்சு. நாம போற பூங்காவுக்கு இவர்தான் காவல்காரரா இருந்தாரு. அங்க ரோடு கெடையாது, கரன்ட் கெடையாது, படகு போனாத்தான் உண்டு. போனா வாரக்கணக்குல அங்கயே கெடப்பாரு. இப்ப மறதி நோய் தம்பி. வீட்டுல பாத்ரூம் எந்தப் பக்கம்னு தெரியாது. சட்டையத் திருப்பிப் போட்டுக்கிட்டு நிப்பாரு. ஆனா அந்த மணல்ல காலை வெச்சாருன்னா ஆளே வேற. எந்த மரத்துல எந்தப் பறவை கூடு கட்டும், ஆமை எந்த மேட்டுல முட்டை போடும், எல்லாம் கடகடன்னு சொல்லுவாரு.

நானா? கூட இருந்து பார்த்துக்கிற ஆளுன்னு வெச்சுக்கோங்களேன்.

ஒரு உதவி பண்றீங்களா? எறங்கினதும் உங்களக் கூப்பிட்டுச் சுத்திக் காட்டுவாரு. சும்மா கூடவே நடங்க, போதும். போன மாசம் ஒருத்தன், நீ யாருய்யா என்னைய அங்க போகாத இங்க போகாதன்னு சொல்றதுக்குன்னு கத்திட்டான். இவரு தொப்பியக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டாரு. வீட்டுக்கு வந்தும் நாள்கணக்குல வாயே தெறக்கல. அவன் நல்லா இருப்பானா! எனக்கு மிச்சம் இருக்குறதே இவரோட இந்தப் பேச்சுதான் தம்பி. இன்னொருவாட்டி அப்படி ஆனா அதுவும் நின்னுடும்.

கண்ணுல தூசின்னு பொய்யெல்லாம் சொல்ல மாட்டேன். அழுறேன்தான்.

நான் படகுலயே இருந்துடுவேனான்னு கேக்குறீங்களா? இல்ல இல்ல, என்னையும் விடமாட்டாரு, சுத்திக் காட்டுவாரு. பாறை வழுக்கும்மா, பார்த்து வாங்கன்னு அவ்வளவு மரியாதையா பேசுவாரு. போன தடவை அந்த ஆளு கத்துறதுக்கு முன்னாடி, மேட்டு மேல உக்காந்திருந்தோம். திடீர்னு கேக்குறாரு, எப்பவும் தனியாவே வர்றீங்களே, உங்க வீட்டுக்காரர் வரமாட்டாரான்னு. அவருக்கு வேலை அதிகம்ங்கன்னேன். கவலப்படாதீங்கம்மா, சீக்கிரம் வந்துடுவாருன்னு, என்னைக் கட்டிக்கிட்ட மனுஷன் எனக்கே ஆறுதல் சொல்றாரு தம்பி.