முப்பத்தோராவது பெயர்

விளக்கைத் தணியுங்கள். இருமுகிறவர்கள் இப்போதே இருமி முடியுங்கள். நடுவில் இருமினால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

மாலை ஆறரை. தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, ஒரு புதன்கிழமை. புத்தூருக்குக் கிழக்கே வெறும் வெளி... வீடு இல்லை, கரண்ட் இல்லை, உப்புக் காற்று மட்டும். அந்த வீதியில் ஒருத்தி தன்னந்தனியே சைக்கிள் உழக்கிக்கொண்டு போகிறாள். யசிந்தா. என் மச்சாளோடு படித்தவள், குருநகர்ப் பிள்ளை, டொக்டராகி இரண்டு வருடம். பயம் என்றால் என்ன விலை என்று கேட்கிற ஆள்.

ஏன் போகிறாள்? அவள் வேலை செய்த ஆஸ்பத்திரியில்... பெயர் கேட்காதீர்கள், இன்று அந்தக் கட்டடமும் இல்லை... வயிற்றை வெட்டிப் பிள்ளை எடுக்க முதல் முதுகில் விறைப்பூசி போடுவார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துப் போகும். மூன்று நான்கு மணித்தியாலத்தில் உணர்வு திரும்ப வேண்டும். சிலருக்குத் திரும்பவில்லை. யசிந்தா தவளையின் நரம்பை எடுத்து அந்த மருந்தில் ஊறவைத்துப் பார்த்தாள். கடும் மருந்தில் ஊறிய நரம்பு செத்தது. தண்ணீர் கலந்து ஐதாக்கிய மருந்தில் ஊறியது பிழைத்தது. ஓடிப்போய்ப் பெரிய டொக்டர் செல்வரட்ணத்திடம் சொன்னாள்.

"தவளையோ ஐசே எங்கடை ஆஸ்பத்திரியிலை பிள்ளை பெறுது?" என்றார் அவர். "ஊசியிலை பிழையெண்டு சனத்துக்குத் தெரிஞ்சால் ஒருத்தியும் வரமாட்டாள். விடும்."

விடுகிற ஆளா அவள்? ஊசி போட்டவர்களைத் தேடி வீடு வீடாகப் போனாள். கண்ணை மூடச் சொல்லிவிட்டு, குண்டூசியால் காலில் மெல்லக் குத்திக் கேட்பாள். விறைத்த இடத்துக்கெல்லாம் கொப்பியில் ஒரு புள்ளடி. முப்பது பேர் முடிந்தது. மிச்சம் ஒருத்தி, குணலட்சுமி. அவளுடைய பெயருக்கு நேரே செல்வரட்ணம் "முந்தியே கால் வருத்தக்காரி" என்று எழுதி வைத்திருந்தார். ஊசிக்கு முன்பே அவளுக்குக் கால் நோய் இருந்தது உண்மையா என்று பார்க்கத்தான் இந்தப் பயணம். விடிந்தால் நிர்வாகக் கூட்டம். மருந்தை ஐதாக்குவதா, பழையபடியே போட்டு இன்னும் பெண்களை முடக்குவதா என்று அங்கேதான் முடிவு.

படலை திறந்து கிடந்தது. வீட்டுக் கதவும் திறந்து கிடந்தது. உள்ளே... இருட்டில்... சுவரில் சாய்ந்து கால் நீட்டியபடி ஒருத்தி பாயில் இருந்தாள். ஏதோ கருகின மணம். சோறு அடிப்பிடித்துவிட்டதாக்கும் என்று யசிந்தா நினைத்தாள்.

"குணலட்சுமி அக்காவோ?"

"ஓம். வருவியள் எண்டு தெரியும். குத்துங்கோ."

யசிந்தா மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்தாள். கால் பெருவிரல். "தெரியுதோ அக்கா?" "இல்லை." கணுக்கால். "இல்லை." முழங்கால்... "இல்லை." இடுப்பு. "இல்லை." அந்த ஊசியின் விறைப்பு அதற்கு மேலே போகாது. போகவே போகாது. ஆனாலும் யசிந்தாவின் கை நிற்கவில்லை. தோள். கன்னம். "இல்லை... இல்லை..." நெற்றியில் கொஞ்சம் அழுத்தியே குத்திவிட்டாள். ஊசியை இழுத்தாள். ஒரு சொட்டு இரத்தம் வரவில்லை. தோல் கிணற்றுத் தண்ணீர் மாதிரிக் குளிர்ந்தது.

எழும்பி ஓடியிருக்கலாம். நானென்றால் ஓடியிருப்பேன், நீங்களும்தான், சும்மா வீரம் கதைக்காதீர்கள். அவள் வந்த கேள்வியைக் கேட்டாள். "முந்தி உங்களுக்குக் கால் வருத்தம் இருந்ததோ?"

"ஆர் சொன்னது?" கூரைத் தகரம் கிடுகிடுத்தது. "நல்லூர்க் கொடியேத்தத்துக்கு இஞ்சையிருந்து நடந்து போன கால் இது! எழுதுங்கோ. ஆர் சொன்னாலும் வெட்டக் கூடாது."

எழுதினாள். எழுதிவிட்டுத்தான் வெளியே வந்தாள். படலையடியில் சைக்கிளோடு ஒரு ஆள் நின்றார்.

"ஆர் பிள்ளை நீர்? பூட்டின வீட்டு வளவுக்குள்ளை என்ன செய்யிறீர்?"

அவர் குணலட்சுமியின் புருஷன் தியாகராசா. கையில் வீட்டுத் திறப்பு. யசிந்தா திரும்பிப் பார்த்தாள். கதவில் ஆமைப்பூட்டுத் தொங்கியது. தான் யார், எதற்காக வந்தவள் என்று சொன்னாள். அவர் அப்படியே மண்ணில் குந்திவிட்டார்.

"அடுப்படியிலை கால் வெந்தது பிள்ளை. விறைச்ச காலெல்லோ... அவளுக்குத் தெரியேல்லை. கருகி மணந்த பிறகுதான் குனிஞ்சு பார்த்தவள். புண் அழுகி, கோப்பாயிலை தமக்கை வீட்டிலை செத்துப் போனாள். ஞாயிற்றுக்கிழமை எரிச்சாச்சு."

அன்றிரவு யசிந்தாவுக்கு ஒரு பொட்டு நித்திரை இல்லை. அந்தத் தாளைக் கிழித்துவிட்டால் முப்பது பேர் மிஞ்சுவார்கள். கிழிக்காவிட்டால் பைத்தியம் என்று சொல்லி முப்பது பேரையும் சேர்த்தே தள்ளிவிடுவார்கள். பயம்தான். ஆனால் பயத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது. ஒருத்தி வெந்து செத்தும் வருத்தக்காரி என்று பெயர் கேட்பதா? தாளின் அடியில் இன்னொரு வரி சேர்த்தாள். எரித்தது ஞாயிறு. பரிசோதித்தது புதன்.

கூட்டத்தில் செல்வரட்ணம் அந்த வரியை உரக்க வாசித்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

"செத்தவளைப் பரிசோதிச்சனீரோ ஐசே?"

"ஓம் டொக்டர்."

"உந்தப் பெயரை வெட்டும். இல்லாட்டி வேலையை விடும்."

"வேலையை வேணுமெண்டால் விடுறன். பெயரை வெட்டமாட்டன்."

"அப்ப நான் வெட்டுறன்." சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனையை எடுத்து, மூடி கழற்றி, குணலட்சுமியின் பெயரில் கொண்டுபோய் வைத்தார்.

கை அசையவில்லை.

ஒரு நிமிடம்... இரண்டு நிமிடம்... சிரித்தவர்கள் எழும்பி எட்டிப் பார்த்தார்கள். எங்கிருந்தோ கருகின மணம் வந்தது. செல்வரட்ணம் மேசையைப் பார்த்தார். மடியைப் பார்த்தார். குனிந்து நிலத்தைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி, யசிந்தாவிடம் கேட்டார்.

"என்ரை பேனை எங்கை, பிள்ளை?"

பேனை அவருடைய விறைத்த விரல்களுக்குள்தான் இருந்தது.