ஊ எழுத்துக்கு ஒரு படம்

எண்பத்தைந்தாம் வருஷ வாக்கில் இருக்கும். பஸ் பலகையைப் படிக்கத் தெரியாததால் கண்டக்டர் குரலைக் கேட்டுத்தான் ஏறுவேன். குமணன்சாவடியில் அப்படித்தான் திருவேற்காடு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். முன்சீட்டில் இரண்டு பெண்கள்.

"எம்பொண்ணு வரைஞ்ச ஊட்டை டீச்சர் கிழிச்சிட்டாங்கக்கா," என்றாள் இளையவள்.

"இன்னாடி சொல்ற?"

"கிளாஸ் செவுத்துல ஒட்டறதுக்கு ஆளுக்கொரு எழுத்து குடுத்து, 'நீங்களே படம் வரைஞ்சி பேர் எழுதிகினு வாங்க'ன்னாங்க. இதுக்கு 'ஊ' வந்துச்சி. நம்ம ஓலை ஊட்டை வரைஞ்சி, கீழ 'ஊடு'ன்னு எழுதிச்சி."

"சரியாத்தானே எழுதிகீது?"

"அது வீடாம். ஆபீசர் வந்து பாத்தா சிரிப்பாராம். கடையில வாங்கின ஊஞ்சல் படத்தை ஒட்டிட்டாங்க."

"உங்க ஊட்ல ஊஞ்சல் கீதாடி?" என்று பெரியவள் சிரித்தாள்.

இளையவள் சிரிக்கவில்லை. "நாலு நாளா ஸ்கூலுக்குப் போவ மாட்டேன்னு அழுவுதுக்கா."

"இனிமே நீயும் வீடுன்னே பேசு. கொழந்த பழகிக்கும்."

"பேசிப் பாத்தேங்க்கா. நேத்து தெருவுல வெளயாடிகினு இருந்துச்சி. 'வீட்டுக்கு வா'ன்னு கூப்ட்டேன். 'யாரு வீட்டுக்கு?'ன்னு கேக்குது."