பாவு இருக்கும் தறி

வாலாஜாபாத் பேருந்தில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முன் இருக்கையில் இரண்டு நெசவுக்காரப் பெண்கள். அடுத்தவர் பேச்சைக் கேட்கக் கூடாதுதான். ஆனால் இளையவள் கேட்ட கேள்வி காதில் விழுந்துவிட்டது.

“தறியில நீளமா கட்டியிருக்கிற பட்டுப் பாவு நூலை அறுத்துட்டா, நிவாரண அரிசி குடுப்பாங்களாக்கா?”

“பாதிச் சேலையை எவளாவது அறுப்பாளாடி?”

“முதலாளி சரிகை குடுக்காம தறி சும்மாதான் நிக்குது. பார்க்க வந்த ஆபீசரு, ‘பாவு இருக்குது, அப்ப வேலை நடக்குது’ன்னுட்டாரு. வெறுந்தறிக்குத்தான் அரிசியாம்.”

“அந்த அரிசி டில்லியில இருந்து வரணும். அங்க நாலு கட்சி சேர்ந்து ஆட்சி நடத்துது. ஒருத்தரு குடுக்கலாம்னா இன்னொருத்தரு மூஞ்சைத் தூக்கிக்கினு போறாரு. மூட்டை வர்றதுக்குள்ள ஆட்சியே கவுந்துட்டா, பட்டு குடுத்த முதலாளிக்கு யாருடி பதில் சொல்றது? அறுக்க வேணாம்னு உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு.”

இளையவள் குரலைத் தாழ்த்தினாள்.

“காலையிலயே அறுத்துட்டாருக்கா.”

“ஐயோ! முதலாளிக்குத் தெரியுமா?”

“இன்னும் தெரியாது.”

இருவரும் ஒரே சமயத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் குழந்தையின் வாயைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டேன்.