சொல்வதற்கு முன் கேட்ட அம்மையார்

அவைக்குத் தலைமை ஏற்று, என் பேச்சைத் தாங்கவும் ஒப்புக்கொண்ட டாக்டர் செல்வராஜ் அவர்களே, வாரம் முழுதும் வேலைக்கும் வீட்டுக்கும் வண்டி ஓட்டி ஓய்ந்து, ஞாயிற்றுக்கிழமையும் இந்தப் பள்ளிக்கூட அரங்கின் மடக்கு நாற்காலியில் வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, அடுப்படியையும் ஆபீசையும் ஒருசேர ஆளும் தாய்மார்களே, இரண்டாம் வரிசையில் சால்வை போர்த்தி, நான் எப்போது முடிப்பேன் என்று பார்த்திருக்கும் என் இல்லத்தரசி பவளம் அவர்களே, எல்லோருக்கும், கடல் கடந்து பிஸ்கட்டவே ஊரில் குடியேறிய வெங்கடாசலத்தின் களைத்த கைகள் கூப்பிய வணக்கம்.

நம்மூர் மருத்துவமனையில் அறநெறி ஆலோசகர் என்று ஒருவர் உண்டு. நோயாளி ஒரு பக்கம், வீட்டார் ஒரு பக்கம், டாக்டர் ஒரு பக்கம் இழுக்கும்போது எது முறை என்று பார்த்துச் சொல்பவர். அந்த வேலைக்கு இனி என்ன தகுதி வேண்டும் என்று அடுத்த வாரம் ஒரு குழு கூடுகிறது. அதில் பொதுமக்களில் ஒருவனாக என்னைச் சேர்த்திருக்கிறார்கள். எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவனை! பொதுமக்கள் என்றால் இவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள் போலும்.

சிரியுங்கள், சிரியுங்கள். நான் சிரித்துக் கொஞ்ச நாளாகிறது.

சென்ற ஆண்டு பவளத்துக்கு வயிற்றில் கட்டி. புற்றுநோய் என்றார்கள். அவள் அனுமதியோடுதான் சொல்கிறேன். இப்போதெல்லாம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். அன்று நாங்கள் என்ன செய்தோம்? நம்மில் யாரும் செய்வதைத்தான் செய்தோம். நோயாளியிடம் சொல்லவில்லை. பெரிய டாக்டர் கட்டிலருகே நின்று நெடுநேரம் விளக்கினார். மொழிபெயர்த்த என் மகள் வெண்பா, "வயித்துல புண்ணாம்மா, மருந்துல ஆறிடுமாம்" என்று முடித்துவிட்டாள். டாக்டருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தம் பேச்சின் நீளம் தெரியும். போனில் மொழிபெயர்ப்பாளரை அழைத்துத் தாமே சொல்லப்போவதாகச் சினந்தார். கூடாது என்று நான் குறுக்கே விழுந்தேன். ஆலோசகர் ஹெலன் அம்மையார் வந்தார்.

அவரை வளைத்துப் போட ஒரு டப்பா முறுக்கு நீட்டினேன். நிதானமாகத் தின்றார்.

"ரொம்ப நல்லாருக்கு, மிஸ்டர் வெங்கட். ஆனா உங்க மனைவி நேரா கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்" என்றார்.

முறுக்கும் போயிற்று, முயற்சியும் போயிற்று.

டாக்டர் கதவை நெருங்கினார். "ரெண்டு நிமிஷ வேலை. சொல்லிட்டு வந்துடறேன்."

அம்மையார் அவர் தோளுக்குக்கூட எட்டமாட்டார். அம்மையாரை வேலையை விட்டு அனுப்பக்கூடிய கமிட்டியில் அந்த டாக்டரும் ஒருவர். ஆனாலும் அம்மையார் வாசலை விட்டு நகரவில்லை. "அந்தம்மாகிட்ட இதுவரைக்கும் யாருமே எதுவும் கேக்கல, டாக்டர். மொதல்ல கேக்கலாம்."

எங்களையும் வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போனார். "அப்பா, லாபியில போய் வெயிட் பண்ணுங்க, டென்ஷன் பண்ணாதீங்க" என்றாள் வெண்பா. நான் அசையவில்லை. உள்ளே, போனில் தமிழ்க் குரல் வழியாக ஒரு கேள்வி: உங்கள் உடம்பைப் பற்றி யாரிடம் சொல்ல வேண்டும், உங்களிடமா, வீட்டுக்காரரிடமா?

பவளம் போன் என்றாலே கோயமுத்தூருக்குக் கேட்கிற மாதிரி பேசுகிறவள். தாழ்வாரம் முழுக்கக் கேட்டது.

"எங்கிட்டயே சொல்லுங்க அம்மிணி. அவருகிட்ட மட்டும் பதனமாச் சொல்லோணும். ஊசியப் பாத்தாலே உக்காந்துக்குவாரு."

யாரைக் காக்க யார் பொய் சொன்னோம், பெரியோர்களே?

சற்று நேரம் கழித்து அம்மையார் வெளியே வந்தார். எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். பவளம் கேட்டுக்கொண்டபடியே, எனக்கு ஏற்கெனவே தெரிந்த செய்தியை, எனக்குத் தெரியாதது போலப் பதனமாகச் சொன்னார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த ஆலோசகருக்குப் படிப்பு வேண்டாமா? வேண்டும். பயிற்சி வேண்டாமா? வேண்டும். பட்டம் இருக்கட்டும், பரீட்சை இருக்கட்டும், சட்டமும் சாத்திரமும் கரைத்துக் குடித்திருக்கட்டும்! ஆனால் பெரியவர் முறைக்கும்போது வாசலில் நிற்கும் நெஞ்சுக்கு எந்த வினாத்தாள்? முறுக்கையும் மறுக்காமல் மெய்யையும் விடாத நேர்மைக்கு எத்தனை மதிப்பெண்? சொல்லத் துடிக்கும் நாக்கை அடக்கி, முதலில் கேட்கிற பணிவை எந்தக் கல்லூரி கற்றுக்கொடுக்கும்?

"அதெல்லாம் எப்படி அளப்பீங்க அங்கிள்?" என்று பின்வரிசையில் ஒரு தம்பி கேட்கிறார். தெரியாது தம்பி. அளக்கத் தெரியாததால் விட்டுவிடாதீர்கள் என்று மட்டும் அந்தக் குழுவில் சொல்வேன். ஆளெடுக்கும் முன் அவரோடு வேலை பார்த்த நர்சுகளைக் கேளுங்கள். அவர் கேள்வி கேட்ட நோயாளிகளைக் கேளுங்கள். அங்கே என் ஆங்கிலம் தடுமாறும். தடுமாறட்டும்.

சிகிச்சை இன்னும் நடக்கிறது. நாளை காலை மறுபடியும் ஊசி. பவளம் கையைக் காட்டுகிறாள், முடிக்கச் சொல்கிறாள். ஒவ்வொரு ஊசியின்போதும் அவள் படுக்கையில் கிடக்கிறாள், நான் உட்கார்ந்துவிடுகிறேன். இருவரையும் எழுப்பி வீட்டுக்குக் கூட்டிவருகிறாள் வெண்பா. பொறுமையோடு கேட்ட உங்கள் காதுகளுக்கு என் நன்றி. என்னிடம் பதனமாகப் பேசிய அம்மையாருக்கும், பேசச் சொன்ன என் பவளத்துக்கும் வணக்கம்.