கதவுக்குப் பின்னால் தட்டும் சத்தம்

காலையில் எழுந்ததும் பால் காய்ச்சுவேன். டீ போட்டு, மேசையைத் துடைத்து, முந்தைய நாள் எழுதிய பக்கங்களைத் திருத்த உட்காருவேன். அவள் போன பிறகும் இதில் மாற்றமில்லை. டீ மட்டும் ஒரு ஆளுக்கு.

நான் எழுதியது ஒரு படத்துக்கான திரைக்கதை. மனைவியை அவள் நன்மைக்காகவே அறையில் பூட்டிவைக்கும் ஒருவனின் கதை. ஞாயிறு மாலைகளில் எங்கள் வீட்டுக் கூடத்தில் வாசித்துக் காட்டுவேன். பல் டாக்டர் வருவார், மாடி வீட்டு டீச்சர் வருவார், என் மனைவியின் அண்ணன் வருவார். எல்லோரும் நான் நன்றாக வரவேண்டும் என்று நினைப்பவர்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு அடுத்த வாரத்துக்குள் திருத்திவிடுவேன்.

கதையில் அந்தப் பெண் கதவைத் தட்டும் இடம் ஒன்று உண்டு. முதலில் மேசையைத்தான் தட்டிக் காட்டினேன். சத்தம் உள்ளேயிருந்து வந்தால் எடுபடும் என்றார் டீச்சர். பழைய சாமான் அறைக்குள் ஸ்பீக்கரை வைத்து, கதவைச் சாத்தி, போனிலிருந்து ஒலிக்கவிட்டேன். மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“மாப்ளே, இந்தச் சத்தம்தான் படமே. இன்னும் கொஞ்ச நேரம் தட்டட்டும். அப்புறம் பட்டுனு நின்னுடணும்.”

குறித்துக்கொண்டேன். அப்போதுதான் சமையலறை வாசலில் நின்றிருந்த என் மனைவி சிரித்தாள்.

“அந்தாளு பாவம், பாவம்னு உருகுறீங்களே. உள்ள இருக்கிறவகிட்ட யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கூட்டம் கலைந்துவிட்டது.

எனக்குக் கோபம் வந்ததா என்று கேட்கிறீர்கள். இல்லை. வந்தவர்கள் முன்னால் எப்படி நடந்துகொள்வதென்று அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஊரே நன்றாயிருக்கிறது என்கிறது. கட்டிக்கொண்டவள் வாயிலிருந்து மட்டும் அந்த வார்த்தை வரவே இல்லை. கல்யாணமானதிலிருந்து ஒரு தடவைகூட.

அடுத்த ஞாயிறு, ஸ்பீக்கர் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி அவளை அந்த அறைக்குள் அனுப்பினேன். வெளியில் பூட்டினேன். வாசித்து முடிக்கிறவரைக்கும்தான். ரோஷக்காரி, சத்தம் போடவில்லை. தோழி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று வந்தவர்களிடம் சொன்னேன்.

அவளுக்கு இழுப்பு உண்டு. தூசி ஆகாது. எனக்குத் தெரியும். மூச்சு மருந்து இருந்த கைப்பை கூடத்து ஆணியில், டாக்டரின் தலைக்கு மேலே தொங்கியது. அதுவும் தெரியும்.

நாற்காலியைக் கதவோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு வாசித்தேன். கதை அந்த இடத்துக்கு வருவதற்கு முன்பே தட்டும் சத்தம் கேட்டது. சில பக்கங்களைத் தள்ளிவிட்டு நேராக அந்தக் காட்சிக்குப் போனேன். ஸ்பீக்கரை அன்று நான் போடவே இல்லை.

போன வாரத்தைவிட நீண்ட நேரம் கேட்டது. பிறகு பட்டென்று நின்றது. மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். இனி ஒரு எழுத்தைக்கூட மாற்றாதீர்கள் என்றார் டீச்சர். எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்து, வாசல்வரை வந்து வழியனுப்பிவிட்டுத்தான் பூட்டைத் திறந்தேன்.

இப்போது அவர்கள்தான் என்னைக் கொலைகாரன் என்கிறார்கள். இன்னும் கொஞ்ச நேரம் தட்டட்டும் என்றது யார்? மச்சானைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

திருத்திய பிரதியில் அந்தப் பெண் கடைசியாக, “நீங்க படிங்க, நான் இருக்கேன்” என்கிறாள். இவள் அப்படிச் சொல்லவில்லை. கதவில் முதுகை வைத்திருந்த எனக்கு மட்டும் கேட்டது. விட்டுவிட்டுத்தான் சொன்னாள், மூச்சு இல்லை. ஆனாலும் சொல்லிவிட்டாள். இத்தனை காலம் நான் காத்திருந்தது அதற்குத்தான்.

“நல்லா இருக்குங்க. ரொம்ப நல்லா இருக்கு. கதவைத் திறங்க.”